நான் செத்துப் பிழைத்த கோடை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் உடம்பில் வந்துதான் நிற்கிறது. சர்க்கரை, முட்டிவலி, கண்புரை, அப்புறம் சாவு. அண்மையில் ஒரு கல்யாணப் பந்தியில் அப்படித்தான் பேச்சு போயிற்று. ஒருத்தி, "படுத்தா எழுந்திருப்பேனான்னு பயமா இருக்குடி" என்றாள். "எனக்கு அந்தப் பயமெல்லாம் மூணாங்கிளாஸ்லயே வந்து போயிடுச்சு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த ஒரு கோடைகாலம் முழுக்க நான் செத்துப் பிழைத்த பிள்ளையாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன்.

அப்பா தஞ்சாவூரில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். எனக்குக் கடும் காய்ச்சல் வந்து பிழைத்த பிறகு, ஆப்பிரிக்காவில் தான்சானியாவுக்கு மிஷனரியாகப் போவது என்று முடிவெடுத்து வேலையை விட்டார். எங்களை அனுப்பவும் அங்கே வைத்துக் காப்பாற்றவும் டெல்டாவில் இருக்கிற லுத்தரன் சபைகள் பொறுப்பேற்க வேண்டும் என்று ஏற்பாடு. அதற்குச் சபைகள் எங்களைப் பார்க்க வேண்டாமா? இப்போது போகிறவர்கள் போனில் ஒரு வீடியோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அப்போது ஆளே நேரில் போய் நிற்க வேண்டும். அப்பா, அம்மா, கைக்குழந்தையாக இருந்த தம்பி, நான், ஒரு இரும்புப் பெட்டி, படுக்கை கட்டிய ஒரு ஹோல்டால், சுருட்டி வைத்த ஒரு துணிப்படம். டிராயிங் மாஸ்டர் வரைந்து கொடுத்த ஆப்பிரிக்கா அது. கிளிமஞ்சாரோ மலைக்கு அவர் பூசியிருந்த வெள்ளை, ஒவ்வொரு ஊரிலும் சுருட்டி விரித்ததில் உதிர்ந்து, கடைசியில் மலை இருந்த இடத்தில் துணிதான் தெரிந்தது.

வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று. பீரோ, கட்டில், அம்மியெல்லாம் போய்விட்டன. எனக்குத் தான்சானியாவில் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி வெள்ளை ஷூ வாங்கியிருந்தார்கள். இங்கே போட்டால் அழுக்காகும் என்று அம்மா பெட்டியிலேயே வைத்திருந்தாள். கப்பலேறும் நாள் வந்தபோது என் கால் அதற்குள் போகவில்லை.

சம்பா அறுத்து முடித்து, வயலில் உளுந்து காய்ந்து நின்ற நேரத்தில் கிளம்பினோம். ஆற்றில் தண்ணீர் இல்லை. காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் குறுக்கே மணலில் நடந்தே அக்கரை போனோம். பகலெல்லாம் பஸ், சாயங்காலம் கூட்டம், ராத்திரி யாருடைய வீட்டிலோ பாய். ஒரு வீட்டின் கக்கூஸ் எந்தப் பக்கம், தண்ணீர்ப் பானை எந்த மூலை என்று பழகுவதற்குள் அடுத்த வீடு. தினமும் எங்களுக்காக ஒரு கோழி செத்தது. முதலில் ஆசையாகச் சாப்பிட்டேன். பிறகு அந்தக் குழம்பு வாசனை வந்தாலே அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலச் செருப்பைத் தேடுவேன். "உங்க வீடு எங்கம்மா?" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் பெட்டியைக் காட்டுவேன்.

கூட்டம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். கோயில் வாசலில் கீற்றுப் பந்தல், இரண்டு ட்யூப் லைட், கீச்சிடும் மைக். சபை ஐயர் ஜெபம் செய்வார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். பிறகு அப்பா படத்தை விரித்து ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசுவார். கடைசியில் காணிக்கை, அதோடு சனங்கள் கொண்டுவந்த பூசணிக்காய், நெல், தேங்காய், கோழி எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள்.

நடுவில்தான் என் கதை வரும்.

முதல் கூட்டம் தஞ்சாவூருக்குப் பக்கத்திலேயே ஒரு ஊரில். அங்கே அப்பா, "என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது, கண் செருகியது, ஆண்டவரிடம் கதறினேன், பிழைத்தாள், அன்றைக்கு நேர்ந்துகொண்டேன்" என்று நாலு வாக்கியத்தில் முடித்தார். சனங்கள் அசைந்து உட்கார்ந்தார்கள். அதுவரை விசிறிக்கொண்டிருந்த பெண்கள் விசிறியை நிறுத்தினார்கள். அப்பா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

மன்னார்குடிப் பக்கம் போனபோது என் நாடி விழுந்துவிட்டது. பட்டுக்கோட்டைக்கு வருவதற்குள் டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்கடுத்த ஊரில் என்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி முகத்தையும் மூடிவிட்டார்கள். "சவப்பெட்டிக்குச் சொல்ல ஆள் போயாகிவிட்டது" என்று அப்பா குரலைத் தாழ்த்துவார். பந்தலில் மூச்சுச் சத்தம் கேட்காது. பிறகு திடீரென்று குரலை உயர்த்தி, "இதோ! அந்தப் பிள்ளை!" என்பார். நான் எழுந்து மைக்குக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். பெண்கள் அழுவார்கள். கூட்டம் முடிந்ததும் என்னைச் சூழ்ந்துகொண்டு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். சீக்குப்பிள்ளைகளைத் தூக்கி வந்து என் கையை எடுத்து அதுகளின் தலையில் வைப்பார்கள்.

அம்மாவுக்கு இது தெரியாது. இன்றைக்கு யோசித்தால் அதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. மைக் சத்தத்துக்குத் தம்பி வீறிட்டு அழுவான். அப்பா பேச ஆரம்பித்ததுமே அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். எங்காவது ஒரு மரத்தடியில், கதை காதில் விழாத தூரத்தில் உலாத்திக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போது ஏலம் நடந்துகொண்டிருக்கும். பெண்கள் என்னைச் சூழ்ந்து நிற்பதைப் பார்த்தால், காய்ச்சலில் பிழைத்த பிள்ளை என்று கொஞ்சுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

மேடையில் சொல்கிறவர் அப்பா. வாத்தியார் வேறு. அவர் சொன்னால் தப்பாக இருக்குமா? நான் செத்துப்போயிருந்தேன் என்று மெல்ல மெல்ல நம்பிவிட்டேன். படுக்கும்போது அம்மா போர்வையை இழுத்துவிட்டால் உதறித் தள்ளுவேன். மூக்குக்கு நேரே கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். தூங்கினால் மறுபடி போய்விடுவேனோ என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். பகலில் பஸ்ஸில் தலை தொங்கினால் திடுக்கிட்டு விழித்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். "ஏண்டி இப்படி எளைச்சுப்போறே" என்று அம்மா கேட்டாள். அலைச்சல் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள். நானும் கேட்கவில்லை. செத்த பிள்ளைதான் என்று அவள் வாயாலும் வந்துவிட்டால் என்ன செய்வது?

பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் எங்களைத் தங்க வைத்தார்கள். ரோட்டில் இறங்கி, வரப்பிலும் தோப்பிலுமாக வெகுதூரம் நடந்துதான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். சுற்றிலும் மரங்கள்தான். ஊறப்போட்ட மட்டையின் அழுகல் வாசனை. வீட்டில் புருஷனும் பெண்சாதியும் மட்டும். இரண்டு பேரும் எங்கள் அப்பா அம்மாவைவிடச் சின்னவர்கள். அந்த வீட்டுப் பெண்ணை நான் அத்தை என்று கூப்பிட்டேன்.

முந்தின நாள் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்கு அவர்கள் வந்திருந்தார்கள். கதையைக் கேட்டிருந்தார்கள்.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அத்தை என்னைப் பின்கட்டில் உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் தடவிச் சிக்கெடுத்தார். மெதுவான கை. அம்மா கிணற்றடியில் தம்பியின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். அப்பா ஐயரைப் பார்க்கப் போயிருந்தார். எதிரே சுவரில் ஆணியில் ஒரு சின்னப் பையனின் சிவப்புச் சட்டை தொங்கியது. வீட்டில் பையன் யாரையும் காணோமே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, ஒண்ணு கேட்டா சொல்லுவியா?"

"என்ன அத்தை?"

"நீ அங்க போயிருந்தீல்ல." சீப்பு நின்றுவிட்டது. "அங்க எங்க புள்ளயப் பாத்தியா? ஒன் வயசுதான் இருப்பான். முன்பல்லு விழுந்திருக்கும். தெத்தித் தெத்திப் பேசுவான்."

எனக்குப் புரிந்தது. "ஞாபகம் இல்ல அத்தை" என்றேன்.

"நல்லா யோசிச்சுப் பாரு, கண்ணு. அவசரமில்ல."

கண்ணை இறுக்க மூடி யோசித்தேன். அவருக்காக உண்மையாகவே தேடினேன். கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ வந்தது. உயரமாக ஒரு வெள்ளைக் கூரை. நெற்றியில் ஈரத்துணி. யாரோ ஒரு அக்கா வெள்ளை உடுப்பில் குனிந்து பார்த்தாள். மருந்து வாசனை.

"மேல ஃபேன் சுத்திக்கிட்டிருந்துச்சு" என்றேன்.

அத்தை என் தோளுக்கு மேல் குனிந்தார். பிறகு கேட்டார்: "அங்க ஃபேனெல்லாம் இருக்கா?"

கேலி இல்லை. அவ்வளவு ஆவலாக, அவ்வளவு நம்பிக்கையாகக் கேட்டார். அந்தப் பையனுக்கு அங்கே வேர்க்காது என்று நினைத்திருப்பாரோ என்னவோ. இத்தனை வயதுக்குப் பிறகும் அந்தக் குரலை நினைத்தால் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடிவதில்லை.

திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் அம்மா நிற்கிறாள். கையில் பிழிந்த துணி. அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"எங்க போயிருந்தா இவ?" என்றாள் அம்மா.

அத்தை எல்லாவற்றையும் சொன்னார். நாடி விழுந்தது, துணி போர்த்தியது, பெட்டிக்கு ஆள் போனது. அம்மா கேட்கக் கேட்க அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கேட்டு முடித்ததும் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"இல்லம்மா. இவ எங்கயும் போவல. வலிப்பு வந்துச்சு. தூக்கிக்கிட்டு ஓடுனோம். டாக்டரம்மா ஊசி போட்டாங்க. மறுநாளே கஞ்சி குடிச்சா. மூச்சு ஒரு நிமிஷம்கூட நிக்கல."

"அப்ப சார் சொன்னது?"

"சார் ரொம்ப பயந்துட்டாரு."

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். "எங்க புள்ளைக்கும் காச்சல்தாங்க்கா. வலிப்புதான். நானும்தான் ஜெபம் பண்ணுனேன். தொண்ட கிழிய பண்ணுனேன். வண்டி கட்டி ரோட்டுக்குப் போறதுக்குள்ள... சார் பண்ணுனது மட்டும் கேட்டுருக்கே, நம்ம ஜெபத்துல என்ன கொறைன்னு நேத்துலேர்ந்து மனசு அறுத்துக்கிட்டே கெடக்கு."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கொறையும் இல்ல. எங்க வாசல்ல நின்னா ஆஸ்பத்திரி வாசக்கதவு தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம். வேற ஒண்ணுமே இல்ல."

அத்தை அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. என்னை மறுபடி முன்னால் உட்கார வைத்து, விட்ட இடத்திலிருந்து பின்னலை எடுத்துப் போட்டார். இந்தத் தடவை வலிக்கிற மாதிரி இறுக்கினார்.

அப்பா திரும்பி வந்ததும் அம்மா அவரை மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போய்க் கொட்டகைச் சுவரோரம் நின்றேன்.

"நான் பொய் சொல்றேங்கிறியா?" அப்பாவின் குரல் உடைந்திருந்தது. "என் தோள்லதான கெடந்தா. கை தொங்குச்சு. கூப்பிடக் கூப்பிட அசையல. ஒனக்குத் தெரியாது, நீ பின்னால வந்தே."

"தெரியும். செருப்புகூட இல்லாம வந்தேன். நீங்க பயந்தது நெசம். நேந்துக்கிட்டது நெசம். அதை நம்பித்தான் இருந்த சாமானெல்லாம் வித்துட்டு ஒங்ககூட வரேன்னேன். பெட்டிக்கு யாருங்க ஆள் அனுப்புனது?"

அப்பா, "நடந்ததை நடந்தபடி சொன்னா யாரும் நிமிந்துகூடப் பாக்க மாட்டாங்க" என்றார். மேடையில் ஒருநாளும் கேட்காத சின்னக் குரல்.

"பாக்காட்டி போகட்டும். இன்னிக்கும் இவளைச் சாகடிச்சீங்கன்னா, நான் புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுறேன். நீங்க மட்டும் கப்பல் ஏறுங்க."

அன்றைய கூட்டத்தில் அம்மா வெளியே போகவில்லை. பெண்கள் பக்கம் முன் வரிசையில் பாயில் உட்கார்ந்தாள். தம்பி அழுதான், அழட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுடைய ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அத்தையும் அவர் புருஷனும் வந்தார்கள். அத்தை எங்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

அப்பா வழக்கம்போல ஆப்பிரிக்காவைப் பேசினார். மலை, ஏரி, பள்ளிக்கூடம் இல்லாத கிராமங்கள். பிறகு வழக்கம்போல, "என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது" என்று ஆரம்பித்தார். சனங்கள் அசைந்து உட்கார்ந்தார்கள். கதை அவர்களுக்கு முன்பே எட்டியிருந்தது. அதைக் கேட்கவே பல பேர் வந்திருந்தார்கள். "கண் செருகியது. அப்போது மருத்துவர்..." என்று குரலைத் தாழ்த்தினார்.

அம்மாவின் பிடி இறுகியது.

அப்பா நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மைக் ஊளையிட்டது. அவர் மறுபடி பேசியபோது அது மேடைப் பேச்சாக இல்லை. வீட்டில் பேசுகிற பேச்சு.

"டாக்டரம்மா ஊசி போட்டாங்க. பொழச்சுக்கிட்டா. எம்புள்ள சாவல. நான் வராந்தாவுல சுவத்தப் புடிச்சுக்கிட்டு நின்னு அழுதேன். இவளக் குடுத்துடும் ஆண்டவரே, நீர் எங்க போகச் சொன்னாலும் போறேன்னு சொன்னேன். நடந்தது அவ்வளவுதான். இத்தனை ஊர்ல இதை நான் கூட்டிச் சொல்லிட்டேன். அதைக் கேட்டு யார் மனசாவது நொந்திருந்தா என்னை மன்னிச்சுக்குங்க."

இதோ அந்தப் பிள்ளை என்று சொல்லவில்லை. அப்படியே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பந்தலில் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ஆர்மோனியக்காரர் முறைக்கு முன்பே பாட்டை ஆரம்பித்தார். பின்வரிசைகளில் ஆட்கள் எழுந்து போனார்கள். ஏலத்தில் ஒரு சேவலைக் கேட்க ஆளில்லாமல், கொண்டுவந்தவரே தூக்கிக்கொண்டு போனார். ஐயர் அப்பாவிடம், "இதை மேடையிலயா சார் சொல்லணும்? என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே" என்றார். அப்பா தலையாட்டிக்கொண்டே நின்றார். அவ்வளவு வியர்த்து நான் அவரைப் பார்த்ததில்லை.

அத்தை எழுந்து போகவில்லை. பாட்டு முடிகிறவரை உட்கார்ந்திருந்தார்.

காலையில் வேதாரண்யம் போகக் கிளம்பினோம். அப்பா என்னைத் தன் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார வைத்துக்கொண்டார். உப்பளம் பார்க்கலாம், வெள்ளை வெளேரென்று மலை மாதிரி குவித்திருப்பார்கள், முழித்துக்கொண்டிரு என்றார். பஸ் கிளம்பி வெகுநேரம் கழித்து, கேட்டே விட்டேன்.

"அப்பா, நான் செத்தேனா இல்லியா?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூட்டத்தில் அழுதவர்களையெல்லாம் பார்த்தவர், பக்கத்தில் நின்ற என்னைப் பார்க்கவில்லை.

"இல்லடா. நீ சாவல. அப்பாதான் பயந்துட்டேன்."

நான் தூங்கிப்போனேன். அத்தனை வாரத் தூக்கம். உப்பளம் வந்தது, போனது. என்னை யாரும் எழுப்பவில்லை. வேதாரண்யத்தில் இறங்கும்போது அப்பாதான் தோளில் தூக்கி வந்திருக்கிறார். அதுவும் எனக்குத் தெரியாது. அம்மா பிறகு சொன்னது.

அதற்குப் பிறகு கூட்டங்கள் சின்னதாகிவிட்டன. நாங்கள் போய்ச் சேரும் முன்பே செய்தி போயிருந்தது. ஒரு ஊரில் பஸ் ஸ்டாண்டிலேயே வந்து, கூட்டம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அப்பா மட்டும் போகலாமே என்று பெரியவர்கள் சொன்னார்கள். போனால் நாலு பேரும் என்றாள் அம்மா. அந்த வருஷம் போக முடியவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்தது, நடவு முடிந்தது, நாங்கள் மாமா வீட்டில் இருந்தோம். அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியாராகப் போனார். அடுத்த வருஷம், கேட்ட சபைகளில் பாதிக்கும் குறைவானவை தந்ததை வைத்து, சொல்லியிருந்ததைவிடச் சின்ன வேலைக்கு, நாலு பேருமாகப் போனோம். பதினோரு வருஷம் அங்கே இருந்தோம்.

அப்பாவுக்கு அப்போது முப்பத்துச் சொச்சம்தான். என் பிள்ளைகளே இன்று அதைத் தாண்டிவிட்டார்கள். அவர் பொய்யர் என்று நான் நினைத்ததில்லை. தன் பயத்தை அப்படியே சொன்னால் போதாது என்று நினைத்துவிட்டார். எனக்குப் பிள்ளை பிறந்து, அதற்கும் ஒரு நாள் காய்ச்சல் வந்து கண் செருகியபோதுதான், துணி போர்த்திய இடம் வரைக்கும் அவர் ஏன் போனார் என்று எனக்குத் தெரிந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் பேராவூரணியில் ஒரு சாவுக்குப் போனபோது, அந்தத் தோப்பு வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். ரோட்டில் காரை நிறுத்திவிட்டு நடக்கலாம் என்று இறங்கினேன். வழி கேட்ட ஆள், "நேரா வண்டியிலயே போங்கம்மா" என்றார். தோப்புக்கு நடுவே நேர்கோடாக ஒரு பாதை. கார் வாசலிலேயே போய் நின்றது.

அத்தைக்கு நல்ல வயதாகிவிட்டது. காது மந்தம். யாரென்று சொன்னதும் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பையனுக்குப் பிறகு பிறந்த மகள்கள், பேரப்பிள்ளைகள் என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். பாதையைப் பற்றிக் கேட்டேன்.

"நீங்க வந்துட்டுப் போன அந்த வருஷமே போட்டாச்சு. நல்லாக் காய்ச்சிக்கிட்டிருந்த மரம், ஒரு வரிசை. மாமனாரு குதிச்சாரு. நாந்தான் ஒத்தக்கால்ல நின்னு வெட்டச் சொன்னேன். இப்ப பின்னால இருக்கிற தெருக்காரங்களுக்கும் இதான் வழி." பிறகு கேட்டார்: "சாரு அங்க போயி நல்லா பிரசங்கம் பண்ணுனாரா?"

"பிரசங்கம் இல்ல அத்தை. கணக்குப் பாடம் நடத்துனாரு."

அத்தை கையைத் தட்டிச் சிரித்தார். பொக்கை வாய் முழுக்கச் சிரிப்பு. அப்போது ஒரு மஞ்சள் பள்ளிக்கூட வேன் தோப்புக்குள் நுழைந்து ஹாரன் அடித்தது. என் கார் வழியை மறித்துக்கொண்டு நின்றது. "மொதல்ல வண்டிய ஓரம் எடுக்கச் சொல்லு" என்று அத்தை என்னை விரட்டினார். "இந்த வழியில எதுவும் நிக்கக் கூடாது."